இன்னைக்கு ஏலம் இல்லை, அத்தை

கேள்வி: எனக்கு 47 வயது. ராயபுரத்தில் வாடகை வீடு. மாமியாருக்கு 74. காசிமேட்டில் ஏலம் எடுத்து, தண்டையார்பேட்டை தெருக்களில் முப்பது வருஷத்துக்கு மேல் மீன் விற்றவர். இரண்டு வருஷமாக மறதி. முதலில் சாவியைத் தொலைத்தார், கண்ணாடியைத் தொலைத்தார். இப்போது சாப்பிட்டதையே மறந்துவிட்டு, "எனக்குச் சோறு போடலை" என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்கிறார். ராத்திரி இரண்டரை மணிக்கு எழுந்து, ஏலத்துக்கு நேரமாகிவிட்டது என்று மீன் சுமக்கிற பேசினைத் தேடுகிறார். போன மாதம் நாங்கள் தூங்கும்போது கிளம்பியே போய்விட்டார். கல்மண்டபம் பக்கம் ஒரு டீக்கடைக்காரர் அடையாளம் தெரிந்து உட்கார வைத்திருந்தார். பணத்தை நான்தான் திருடிவிட்டேன் என்று அழுகிறார். கணவர் டிரெய்லர் ஓட்டுகிறார், பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை. மணலியில் இருக்கும் நாத்தனார் மாதம் ஒரு முறை வந்து, "அம்மா நல்லாத்தானே இருக்கு" என்கிறார். கிளினிக்கில் தூக்க மாத்திரை கொடுத்தார்கள். போட்டால் மறுநாள் முழுக்கத் தள்ளாடுகிறார். மகளுக்கு வரன் பார்ப்பதால் வெளியில் யாருக்கும் சொல்லவில்லை. போன வாரம் அத்தை மேல் கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஆனால் ஓங்கினேன். எங்களைப் போன்றவர்களுக்கு உதவ அரசாங்கத்திலோ தனியாரிலோ ஏதாவது இருக்கிறதா? இல்லத்தில் சேர்ப்பது பாவமா?

– ஒரு வாசகி, ராயபுரம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கையை ஓங்கியதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எழுதாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. மனநல சமூகப் பணியாளராக வடசென்னையில் வீடு வீடாகப் போய் வருகிற எனக்கு, இந்த ஒரு வரி உங்கள் கடிதத்தின் மற்ற எல்லா வரிகளையும்விட அதிகமாகச் சொல்கிறது. நீங்கள் கெட்டவர் என்று அது சொல்லவில்லை. இரண்டு வருஷமாக ஒரு ராத்திரிகூட முழுசாகத் தூங்கவில்லை என்று சொல்கிறது. அதனால் இந்தப் பதில் அத்தைக்கு எவ்வளவோ, உங்களுக்கும் அவ்வளவு.

உதவி இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது. ஆனால் ஒரே கட்டடத்தில், ஒரே பெயர்ப்பலகைக்குக் கீழே இல்லை. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் கொஞ்சம், அண்ணாநகரில் கொஞ்சம், போனில் கொஞ்சம், உங்கள் தெருவில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கிறது. தெருவில் இருப்பதுதான் பெரிது. அதைத்தான் வரன் பார்ப்பதற்காக நீங்கள் மூடி வைத்திருக்கிறீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஸ்டான்லி. "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். வயதானால் பெயர் சட்டென்று நினைவுக்கு வராது, அது வேறு. சாப்பிட்டதே நினைவில் இல்லை, முப்பது வருஷம் நடந்த தெருவில் வழி தெரியவில்லை என்றால் அது மூளையில் வருகிற நோய். டிமென்ஷியா என்பார்கள், மறதி நோய் என்றும் சொல்வார்கள். இதில் அல்சைமர் ஒரு வகை, அதுதான் அதிகம். பிரஷரும் சுகரும் வருஷக்கணக்கில் கட்டுப்படாமல் மூளையின் ரத்தக் குழாய்கள் கெட்டு வருவது இன்னொரு வகை. அத்தைக்கு எது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் மறதி போலவே தெரிகிற, சரிசெய்யக்கூடிய சில கோளாறுகளும் உண்டு: பி12 சத்துக் குறைவு, தைராய்டு, ரத்தத்தில் உப்பு குறைவது, மனச்சோர்வு, எப்போதோ விழுந்ததில் மண்டைக்குள் மெதுவாகத் தேங்கிய ரத்தம். ரத்தப் பரிசோதனையும் தலைக்கு ஒரு சி.டி. ஸ்கேனும் எடுத்தால் இதில் பெரும்பாலானவை தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் இது மறதி நோய்தான் என்று முடிவு கட்டக்கூடாது.

அத்தையை முதல் நாளே இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அந்தக் கூட்டத்தில் ஓ.பி. சீட்டு வரிசையில் ஒரு மணி நேரம் நின்றால் அவர் கலங்கிப்போவார், நீங்களும் அழுதுவிடுவீர்கள். முதலில் நீங்கள் மட்டும் ஒரு நாள் காலையில் போய், நரம்பியல் ஓ.பி.யும் மனநல ஓ.பி.யும் எந்தெந்தக் கிழமை, எந்தக் கட்டடம் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். உங்கள் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோ தூரம்தானே. அடுத்த முறை அத்தையோடு போகும்போது மூன்று விஷயம் கையில் இருக்கட்டும். அவர் போடுகிற எல்லா மாத்திரை அட்டைகளும், காலியான அட்டையாக இருந்தாலும் சரி. எது எப்போது ஆரம்பித்தது என்று அரைப் பக்கத்தில் ஒரு குறிப்பு. அப்புறம், இரண்டரை மணிக்கு அவர் பேசின் தேடுவதைப் போனில் எடுத்த ஒரு நிமிட வீடியோ. காலை பத்து மணிக்கு டாக்டர் முன்னால் அத்தை சிரித்த முகத்தோடு "எனக்கு ஒண்ணும் இல்ல சார்" என்றுதான் சொல்லப் போகிறார். வெளியாள் முன்னால் இருக்கிற தெம்பையெல்லாம் திரட்டி நன்றாக இருப்பது இந்த நோயின் இயல்பு. நாத்தனார் வரும்போது நடப்பதும் அதேதான். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குக் கிடைப்பது அந்த அரை நாள் அம்மா.

அந்தத் தூக்க மாத்திரையை டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். சில தூக்க மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, அதனால் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். ஆனால் மறுநாள் தள்ளாடுகிறார் என்றால் விழப்போகிறார் என்று அர்த்தம். 74 வயதில் இடுப்பு எலும்பு உடைந்தால் இப்போது இருக்கிற கஷ்டம் பத்து மடங்காகும். இன்னொன்று, தூக்கம் வரும் என்று மெடிக்கல் ஷாப்பில் அவில் வாங்கிக் கொடுப்பது நம் பக்கத்தில் சகஜம். அதைச் செய்யாதீர்கள். அந்த வகை அலர்ஜி மாத்திரைகள் மறதிக்காரர்களின் குழப்பத்தை அதிகமாக்கும். நோய்க்கென்றே உள்ள மாத்திரைகள் இருக்கின்றன. நோயைக் குணமாக்காது. சிலருக்குக் கொஞ்ச காலத்துக்கு நிலைமையைத் தாக்குப்பிடிக்க வைக்கும். இதைத் தெரிந்துகொண்டே ஆரம்பித்தால் ஆறு மாதத்தில் ஏமாற்றம் இருக்காது.

நாளாக நாளாக இருந்த மறதி ஒரே நாளில் படுமோசமாகிவிட்டால், உதாரணமாக உங்களையே யாரென்று தெரியாமல் போனால், நோய் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். சிறுநீரில் கிருமி, மூன்று நாள் மலச்சிக்கல், வெயிலில் தண்ணீர் குடிக்காதது, இப்படிச் சின்னக் காரணமே போதும். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சரி, ராத்திரி இரண்டரை மணி.

வியாசர்பாடியில் ஒரு வீட்டுக்கு நான் போய்க்கொண்டிருந்தேன். அங்கே இருந்த பெரியவர் பி அண்ட் சி மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடியது 1996-இல். ஆனால் அவருக்கு மட்டும் விடியற்காலையில் சங்கு கேட்டுக்கொண்டே இருந்தது. எழுந்து சட்டை போட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸ் எங்கே என்று கத்துவார். மகன் தினமும் உட்கார்ந்து விளக்குவார்: "மில்ல மூடிட்டாங்கப்பா, இடிச்சே போட்டாங்க." தினமும் அந்தச் செய்தியை அவர் புதுசாகக் கேட்டுப் பதறுவார். ஒரு நாள் மருமகள் குறுக்கே வந்து, "இன்னைக்கு மில்லு லீவு மாமா" என்றார். "அப்படியா" என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துவிட்டார். பத்து வருஷப் படிப்பில் எனக்கு யாரும் சொல்லித்தராததை அந்தப் பெண் ஒரு வரியில் செய்து காட்டினார்.

உங்கள் அத்தைக்கு அந்த வார்த்தை எது என்று உங்களுக்கே தெரியும். கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. மீன் விற்ற பெண்ணுக்கு "தடைக்காலம்" என்கிற சொல் மூளையில் இல்லை, உடம்பில் இருக்கும். "இன்னைக்கு ஏலம் இல்லை அத்தை, தடைக்காலம்" என்று சொல்லிப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை என்றால் "புயல் கூண்டு ஏத்திட்டாங்க, போட்டு போகலை." ஒரு டம்ளர் சூடான பால் கொடுத்து, பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். பெரியவரிடம் பொய் சொல்லலாமா என்று கேட்பீர்கள். நான் இதைப் பொய் என்று எண்ணுவதில்லை. அவர் இருக்கிற வருஷத்துக்கு நாம் போய்ப் பேசுகிறோம், அவ்வளவுதான். எல்லா நாளும் பலிக்காது. பலிக்காத நாளில் வாதம் செய்யாமல், விளக்கைப் போட்டு, வீட்டுக்குள்ளேயே கையைப் பிடித்து நாலு நடை நடக்க விடுங்கள்.

பேசினை ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வெளியே எடுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில், கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். கண்ணில் பட்டால் தேட வேண்டியதில்லை. திருட்டுப் பழியும் இதே கதைதான். பணத்தை எங்கோ வைக்கிறார், வைத்த நினைவு அழிந்துவிடுகிறது. பணம் காணோம் என்பது மட்டும் மிச்சம். அப்படியானால் யாராவது எடுத்திருக்க வேண்டும், பக்கத்தில் இருப்பது நீங்கள். அதிகம் பார்த்துக்கொள்பவர் மேல்தான் எப்போதும் பழி விழும். மாதம் ஒரு முறை வருகிற மகள் மேல் விழாது. "நான் எடுக்கலை" என்று சொல்லாதீர்கள். "வாங்க தேடலாம்" என்று சேர்ந்து தேடுங்கள். அவருக்கு ஒரு சுருக்குப்பை வாங்கி, சில்லறைக் காசாக நாற்பது ஐம்பது ரூபாய் போட்டு இடுப்பில் சொருகி விடுங்கள். அதே மாதிரி இன்னொரு பை உங்கள் பீரோவில் இருக்கட்டும். ஒன்று தொலைந்தால் இன்னொன்று கிடைத்துவிடும்.

பகலில் சும்மா உட்கார வைத்தால் மத்தியானம் தூங்குவார், ராத்திரி விழிப்பார். மதியத் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம். காலையில் மாடியில் கொஞ்ச நேரம் வெயில் படட்டும். ஆறு மணிக்கு முன்னாலேயே வீட்டு விளக்கெல்லாம் எரியட்டும், அந்திப் பொழுது நிழல்கள் இவர்களைக் கலக்கும். வேலை கொடுங்கள். பூண்டு உரிக்க, கருவாடு தரம் பிரிக்க, காசை ஒரு ரூபாய் தனியாக இரண்டு ரூபாய் தனியாக அடுக்க. சரியாகச் செய்கிறாரா என்று பார்க்காதீர்கள். நெத்திலி தலை கிள்ளுவது அவர் விரலுக்கு மறந்திருக்காது. அரிவாள்மனை மட்டும் கண்ணில் படவே கூடாது. ராத்திரி கேஸ் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள்.

கதவுக்கு மேல் பக்கம், கை எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள், அதில் ஒரு சின்ன மணி. ஆனால் அவரை மட்டும் உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவது கூடாது. தீ விபத்தென்றால் என்ன ஆகும்? கையில் ஒரு வளையம் செய்து, அதில் உங்கள் கணவர் போன் நம்பரைப் பொறித்துப் போடுங்கள். புடவை ஓரத்திலும் தைத்துவிடலாம். அவர் சமீபத்திய போட்டோ ஒன்று உங்கள் போனிலேயே இருக்கட்டும். மறுபடி காணாமல் போனால் முதலில் காசிமேடு போகிற வழியில் ஒருவர் ஓடட்டும், அதே நிமிடம் இன்னொருவர் 112-ஐ அழைக்கட்டும். ஒரு நாள் கழித்துத்தான் புகார் எடுப்பார்கள் என்பதெல்லாம் கட்டுக்கதை. தெருவில் வழி தெரியாமல் நிற்பவர்களை மீட்கச் சென்னை போலீஸ் 2021-இல் தொடங்கிய காவல் கரங்கள் என்ற பிரிவு இருக்கிறது. ஸ்டேஷனில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட உதவி மையங்கள். அண்ணாநகர் மேற்கில் ஸ்கார்ஃப் என்று ஒரு தொண்டு நிறுவனம். டாக்டர் சாரதா மேனன் 1984-இல் ஆரம்பித்தது. அங்கே மறதி நோய்க்கென்றே டெம்கேர்ஸ் என்ற பிரிவு நடக்கிறது. மறதிக்கான கிளினிக், குடும்பத்தாருக்கான ஆலோசனை, பார்த்துக்கொள்பவர்கள் கூடிப் பேசுகிற கூட்டம் எல்லாம் உண்டு. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, திருமங்கலத்தில் இறங்கினால் ஆட்டோ தூரம். அத்தையைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் ஆபீஸ் நேரக் கூட்டம் கழிந்து போங்கள். இன்னொன்று ஏ.ஆர்.டி.எஸ்.ஐ., இந்தியா முழுவதும் அல்சைமர் குடும்பங்களுக்காக 1992-இல் கேரளத்தில் தொடங்கிய சங்கம். சென்னையிலும் கிளை இருக்கிறது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 2024-இல் திறந்த தேசிய முதியோர் நல மையம் 200 படுக்கையுள்ள அரசு ஆஸ்பத்திரி. வண்ணாரப்பேட்டையிலிருந்து கிண்டி வரை மெட்ரோ மாறவே வேண்டாம். ஸ்டான்லியில் பார்த்த பிறகு, முதியோருக்கென்றே உள்ள டாக்டர் ஒருவர் பார்த்தால் நல்லது என்று தோன்றினால் அங்கே போகலாம். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலும் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. பெயரைக் கேட்டதும் பயப்படுகிறீர்கள் என்று தெரியும். 1794-லிருந்து இருக்கிற இடம், நம் ஊரில் அதைப் பற்றிப் பேசிய கேலிக்கும் அவ்வளவு வயது. கவலைப்படாமல் போகலாம்.

இதில் எல்லாவற்றுக்கும் ஓட வேண்டாம். ஓடினால் நீங்கள்தான் படுப்பீர்கள். ஒரு டாக்டர், ஒரு கூட்டம், இரண்டு போன் நம்பர் போதும்.

போன் நம்பர்களைச் சொல்கிறேன். 14567, முதியோருக்கான எல்டர்லைன். பணம் கேட்க மாட்டார்கள். உங்கள் பக்கத்தில் என்ன மையம் இருக்கிறது, எந்த இல்லம் பதிவு பெற்றது என்று இவர்களிடம் கேட்கலாம். 2025-26 பட்ஜெட்டில் அன்புச்சோலை என்று முதியோருக்கான பகல் நேர மையங்களைத் தமிழக அரசு அறிவித்தது. உங்கள் வீட்டுக்கு எட்டும் தூரத்தில் ஒன்று இருக்கிறதா, எழுந்து நடந்து போய்விடுகிற மறதிக்காரர்களைச் சேர்த்துக்கொள்வார்களா என்ற இரண்டு கேள்வியையும் சேர்த்தே கேளுங்கள். முதல் கேள்விக்கு மட்டும் பதில் வாங்கிக்கொண்டு போய் வாசலில் நிற்க வேண்டாம். இரண்டாவது நம்பர் 14416, மனநல உதவிக்கானது. தமிழ்நாட்டில் நட்புடன் உங்களோடு என்று பெயர். இது அத்தைக்கில்லை, உங்களுக்கு. கை ஓங்கத் தோன்றும்போது அத்தையைப் பாதுகாப்பாக உட்கார வைத்துவிட்டு, அடுத்த அறைக்குப் போய், இந்த நம்பரைப் போடுங்கள். ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள். அழுதாலும் பரவாயில்லை, அது அவர்களுக்குப் பழக்கம்.

மக்களைத் தேடி மருத்துவம் உங்கள் தெருவுக்கும் வந்திருக்கும். அத்தைக்குப் பிரஷரோ சுகரோ இருந்தால் அந்த மாத்திரை வீட்டுக்கே வரும்படி பதிவு செய்துகொள்ளுங்கள். மாதம் ஒரு ஆஸ்பத்திரி வரிசை மிச்சம். பின்னால் அவர் படுக்கையோடு இருக்கும் நிலை வந்தால், வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸும் பிசியோதெரபியும் அதே திட்டத்தில் இருக்கிறது. காப்பீட்டு அட்டையை நம்பி உட்காராதீர்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான் அது உதவும். வீட்டில் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்கிற செலவுக்கு வராது. அத்தை பெயரில் பேங்க் கணக்கு இருந்தால், அவருக்குப் புரிகிற காலத்திலேயே நாமினி விவரங்களைச் சரிபார்த்துவிடுங்கள். புரியாத நிலைக்குப் பிறகு கைநாட்டு வாங்குவது பின்னால் அண்ணன் தங்கை சண்டையாகும். சட்டச் சந்தேகத்துக்கு இலவச உதவி 15100.

நாத்தனார் விஷயம். அவரிடம் பணம் கேட்காதீர்கள், ஒரு ராத்திரி கேளுங்கள். இந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவர் உங்கள் வீட்டுக்கு வரட்டும். நீங்களும் மகளும் உங்கள் அம்மா வீட்டுக்கோ எங்கேயோ போய்த் தூங்குங்கள். அத்தையை மணலிக்கு அனுப்ப வேண்டாம், புது இடத்தில் இன்னும் மோசமாவார். இரண்டரை மணிக்குக் கதவு மணி அடிக்கும்போது எழுந்திருப்பது அத்தையின் மகளாக இருக்கட்டும். "நல்லாத்தானே இருக்கு" என்ற பேச்சு ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்றுவிடும். அதன் பிறகு மாதம் இரண்டு சனிக்கிழமை என்று எழுதி வாங்குவது உங்கள் கணவரின் வேலை. அவர் அம்மா, அவர் தங்கை. இதில் நீங்கள் தூது போக வேண்டாம்.

இனி, மறைக்கிற விஷயம். போன மாதம் அத்தையைக் காப்பாற்றியது யார்? டீக்கடைக்காரர். அவருக்கு அத்தையைத் தெரிந்திருந்தது, அதனால் உட்கார வைத்தார். அவருக்கு நோயும் தெரிந்திருந்தால், உங்களுக்கு அப்போதே போன் வந்திருக்கும். முப்பது வருஷம் தெருத்தெருவாகக் கூவி மீன் விற்ற ஒரு பெண்ணைத் தெரியாதவர் உங்கள் பக்கத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? இப்படி ஒரு காவல் அண்ணாநகரில் காசு கொடுத்தாலும் கிடைக்காது. டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, எதிர்வீடு, காசிமேட்டில் அவரோடு ஏலம் எடுத்த இரண்டு பெண்கள். இத்தனை பேரிடம் உங்கள் கணவர் நம்பரைக் கொடுத்து, "அம்மாவுக்கு மறதி நோய், தனியாகப் பார்த்தால் உட்கார வைத்துக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டில் "சோறு போடலை" என்று சொல்வதற்கும் அதோடு ஒரு வழி பிறக்கும். இப்போது அவர்கள் அதை நம்பிக்கொண்டுதான் இருப்பார்கள்.

பழைய கூட்டாளிகள் இருவரும் வாரம் ஒரு மதியம் வந்து அத்தையோடு உட்கார முடியுமா என்று கேளுங்கள். வஞ்சிரம் என்ன விலை, போட்டில் என்ன வந்தது என்று பேசட்டும். அந்த இரண்டு மணி நேரம் நீங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. துணி துவைக்கவும் கூடாது. உங்கள் பிரஷரைப் பார்க்க வேண்டுமென்றால் அன்றைக்குப் போகலாம்.

வரன் வீட்டார் என்ன நினைப்பார்கள் என்கிற பயம் எனக்குப் புரியாமல் இல்லை. 2023-இல் வெளியான ஓர் ஆய்வுக் கணக்குப்படி இந்தியாவில் 60 தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் மறதி நோய், கிட்டத்தட்ட 88 லட்சம் பேர். வருகிற சம்பந்தி வீட்டிலும் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருக்கலாம், அவர்களும் மறைத்திருக்கலாம். எழுபதை ஒட்டி வருகிற மறதி நோய் பேத்திக்கு வந்தே தீரும் என்பதில்லை. பரம்பரையாகக் கட்டாயம் இறங்குகிற வகை மிக அரிது, அதுவும் பெரும்பாலும் நடுத்தர வயதிலேயே தலைகாட்டிவிடும். பெண் பார்க்க வருகிற அன்றைக்கு நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அத்தை நடுவில் வந்து "இவ என் காசத் திருடிட்டா" என்று சொன்ன பிறகு விளக்குவதைவிட அது எளிது. கல்யாண மண்டபத்துக்கு அவரை நாள் முழுக்க அழைத்துப் போகாதீர்கள். மேளமும் கூட்டமும் தாங்காது. தெரிந்த ஒருவர் துணையோடு அரை மணி நேரம் வந்து, அட்சதை போட்டுவிட்டுத் திரும்பட்டும்.

கடைசியாக இல்லம். பாவம் இல்லை. இப்போதே வேண்டுமா என்றால், ஒரு நாள்கூட ஓய்வு எடுத்துப் பார்க்காமல் அந்த முடிவுக்குப் போக வேண்டாம் என்பேன். மேலே சொன்ன சனிக்கிழமைகளையும் மதியங்களையும் மூன்று மாதம் பாருங்கள். அதற்கும் தாங்கவில்லை என்றால் சேர்க்கலாம், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. சாதாரண முதியோர் இல்லங்கள் பல, மறதி நோய் என்றதும் முடியாது என்றுவிடும். மறைத்துச் சேர்த்தால் பத்தாம் நாள் கூப்பிட்டு அழைத்துப் போகச் சொல்வார்கள். அதனால் நோயைச் சொல்லியே கேளுங்கள். சில வாரத்துக்கு மட்டும் தங்க வைப்பார்களா என்றும் கேளுங்கள், கல்யாண நேரத்துக்கு அது உதவலாம். இடத்தைப் பார்க்கப் போனால் சொல்லாமல், மத்தியானம் மூன்று மணிக்குப் போங்கள். மூத்திர வாடை அடிக்கிறதா, எல்லோரும் ஒரே நேரத்தில் மயங்கிக் கிடக்கிறார்களா என்று பாருங்கள். ராத்திரியில் எத்தனை பேருக்கு எத்தனை ஆயா, எழுந்து நடப்பவரை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். கட்டிப்போடுவோம் என்றோ ஊசி போடுவோம் என்றோ பதில் வந்தால், டீ குடிக்கக்கூட நிற்காமல் வந்துவிடுங்கள்.

இவ்வளவையும் ஒரே வாரத்தில் செய்ய வேண்டாம். நாளைக்கு டீக்கடைக்காரருக்கு நம்பர் கொடுங்கள், கதவுக்கு மணி கட்டுங்கள். இந்தச் சனிக்கிழமை நாத்தனார். அடுத்த வாரம் ஸ்டான்லி, முதல் தடவை நீங்கள் மட்டும். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். "தடைக்காலம்" பலித்ததா என்பதையும் எழுதுங்கள். ஒருவேளை அத்தை உங்களை முறைத்து, "தையில ஏதுடி தடைக்காலம்" என்று கேட்டுவிட்டால், அதையும்.